ஒரு துளிக்குள்ள ஒரு பாக்டீரியா: துளி மைக்ரோஃப்ளூயிடிக்ஸ்ல டெஸ்ட் பண்றது எப்படி

லேப் தட்டுல இருக்கிற, 100 மைக்ரோலிட்டர் பிடிக்கிற ஒரு வெல்லுல (குழியில) ஒரே ஒரு பாக்டீரியாவைப் போட்டீங்கன்னா அதோட அடர்த்தி மில்லிலிட்டருக்கு 10, அவ்ளோதான். அதே ஒரு பாக்டீரியாவை 50 மைக்ரோமீட்டர் விட்டம் இருக்கிற நீர்த்துளிக்குள்ள அடைச்சா, அந்த துளியோட கொள்ளளவு வெறும் 65 பிகோலிட்டர்தான்ங்கிறதால அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.5 கோடி கிட்ட போயிடுது. அது வெளிய விடற என்சைம், அது மாத்தற சாயம், எல்லாம் அந்த குட்டி எடத்துலயே சேருது, எங்கயும் போய் கரைஞ்சு காணாம போக வழியே இல்ல. மெல்லிசான சேனல்ல எண்ணெயும் தண்ணியும் ஓட்டி, எண்ணெய்க்கு நடுவுல தண்ணித் துளிங்களை உண்டாக்கற துளி மைக்ரோஃப்ளூயிடிக்ஸோட மொத்த பலமும் இந்த கணக்குலதான் இருக்கு. அதனால இதுல நாம பாத்துக்க வேண்டிய விஷயமும் ஒண்ணுதான், ஒவ்வொரு துளியும் கடைசி வரைக்கும் தனியா இருக்கணும். பக்கத்து துளியோட சேரக்கூடாது, பக்கத்து துளிக்குள்ள கசியவும் கூடாது. கீழ சொல்ற எல்லாமே அதுக்காகத்தான்.

உதாரணத்துக்கு ஆன்டிபயாட்டிக் டெஸ்ட்டையே எடுத்துக்கலாம், ஒத்தை ஒத்தை பாக்டீரியாவா பிரிச்சு, மருந்தோட சேத்து அடைச்சு, எத்தனை பேர் பொழைச்சு பெருகறாங்கன்னு பாக்கறது. டிஜிட்டல் பிசிஆர் (டிஎன்ஏ பிரதிகளை எண்ணறது), செல் சீக்வென்சிங், என்சைம் ஸ்க்ரீனிங் எல்லாத்துக்கும் அடிப்படை வேலை இதேதான், துளிக்குள்ள போற சரக்கு மட்டும் மாறும். புதுசா கத்துக்கறவங்க நோய் உண்டாக்காத லேப் ஈ.கோலை வகையிலேயே ஆரம்பிங்க. ட்யூப் கழண்டு பென்ச்சு மேல தெறிக்கிறதெல்லாம் இந்த வேலையில சாதாரணம், ஆபத்தான கிருமியை வச்சுக்கிட்டு அதைப் பழகக்கூடாது.

முதல்ல பேப்பர்ல கணக்கு

துளி உண்டாக்கற சேனல் எல்லாம் இருக்கிற சிப்பை வரையறதுக்கு முன்னாடியே துளியோட அளவையும் ஒரு துளிக்கு சராசரியா எத்தனை செல்லுங்கிறதையும் முடிவு பண்ணிடுங்க. விட்டம் ரெண்டு மடங்கானா கொள்ளளவு எட்டு மடங்காகும், 50 மைக்ரோமீட்டர்னா 65 பிகோலிட்டர், 100 மைக்ரோமீட்டர்னா 520 பிகோலிட்டருக்கு மேல. பாக்டீரியாவுக்கு 50 தாராளம், பாலூட்டி செல்லை நாள் கணக்கா உயிரோட வச்சிருக்கணும்னா அதுக்கு சாப்பாடு பத்தாம போயிடும்ங்கிறதால 100 பக்கம் போறது நல்லது.

செல்லு துளிக்குள்ள போறது நம்ம கையில இல்ல, அது பாய்ஸான் கணக்குப்படி தற்செயலா நடக்கிறது. லாம்டாவை, அதாவது ஒரு துளிக்கு சராசரி செல் எண்ணிக்கையை, 0.1ன்னு வச்சீங்கன்னா 90 சதவீதத்துக்கும் மேல துளிங்க காலியா இருக்கும், 9 சதவீதத்துல ஒண்ணு இருக்கும், அரை சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மியா ரெண்டோ அதுக்கு மேலயோ இருக்கும். இவ்ளோ துளி காலியா போகுதேன்னு நெறைய பேர் செல் அடர்த்தியை ஏத்திடறாங்க. லாம்டாவை 1க்கு கொண்டு போனா 37 சதவீத துளியில ஒத்தை செல் வரும்தான், கூடவே 26 சதவீதத்துல ரெண்டோ அதுக்கு மேலயோ வந்து உக்காந்துடும், அப்புறம் ஒத்தை செல் டெஸ்ட்டுன்னு அதைச் சொல்லவே முடியாது. காலி துளிக்காக வருத்தப்படாதீங்க, துளி உண்டாக்கறதுல செலவே இல்ல, தண்ணி பக்கம் (துளியா மாறப்போற திரவம்) மணிக்கு 200 மைக்ரோலிட்டர் ஓட்டினாலே செகண்டுக்கு 850 துளி வந்துடும், பத்து நிமிஷத்துல 5 லட்சம், அதுக்கு செலவாகற திரவம் 33 மைக்ரோலிட்டர். 2010ல வந்த ஒரு என்சைம் ஸ்க்ரீனிங் வேலையில 10 மணி நேரத்துல சுமார் 10 கோடி ரியாக்ஷனை 150 மைக்ரோலிட்டருக்கும் கம்மியான ரியேஜன்ட்டுல முடிச்சாங்க.

65 பிகோலிட்டர் துளிக்கு லாம்டா 0.1 வேணும்னா மில்லிலிட்டருக்கு 15 லட்சம் செல் இருக்கணும். மருந்தும் பாக்டீரியாவும் ரெண்டு தனி வாசல் வழியா சம அளவுல வந்து துளி உண்டாகற எடத்துக்கு சற்று முன்னாடிதான் சேரப்போகுதுன்னா, ஒண்ணை ஒண்ணு பாதியா நீர்த்துப்போக வைக்கும், அதனால சிரிஞ்சுல செல்லும் மருந்தும் ரெண்டுமே ரெண்டு மடங்கு அடர்த்தியில, அதாவது செல் 30 லட்சம். இந்த ரெண்டு மடங்கை மறந்துட்டா கடைசியில வர்ற மருந்து அளவு அப்படியே பாதியா நிக்கும், சிரிஞ்சு லேபிள்லயே 2 மடங்குன்னு எழுதி ஒட்டிடுங்க. ரெண்டு ஓடையும் சேர்ற எடத்துல கலக்காது, அவ்ளோ சின்ன சேனல்ல ஓட்டம் பக்கத்துல பக்கத்துலயே சீரா போகும், துளியா ஆனப்புறம்தான் உள்ள சுழன்டு கலக்கும். சீக்கிரம் கலக்கணும்னா துளி போற வழியில நாலஞ்சு வளைவு வச்சு வரைஞ்சா போதும்.

சிப்பு

ரெண்டு டிசைன்தான் பெரும்பாலும் புழக்கத்துல இருக்கு. டி-ஜங்ஷன்ல எண்ணெய் ஓடற சேனல்ல தண்ணி பக்கவாட்டுல வந்து சேரும், ஃப்ளோ ஃபோக்கஸிங்ல ரெண்டு பக்கத்துலேருந்தும் எண்ணெய் வந்து நடுவுல வர்ற தண்ணியை நாசில்ங்கிற குறுகலான வாயில வச்சு நெருக்கி அறுக்கும். நான் ஃப்ளோ ஃபோக்கஸிங்தான் சொல்வேன், வேகமும் அதிகம், தண்ணி சுவரைத் தொடறதும் கம்மி. துளி விட்டம் நாசில் அகலத்துக்குப் பக்கத்துல, கொஞ்சம் பெருசா வரும், அதனால 50 வேணும்னா நாசிலை 40 மைக்ரோமீட்டர் கிட்ட வச்சுக்குங்க. ஒவ்வொரு வாசலுக்கும் உள்ள பக்கமா குட்டி குட்டி தூண் வரிசையா வச்சு ஒரு ஃபில்டர் வரைஞ்சுடுங்க, அதை விட்டுட்டீங்கன்னா ஒரே ஒரு தூசி நாசில்ல வந்து மாட்டி அன்னிக்கு வேலையே நின்னுடும்.

சிப்புக்கான பி.டி.எம்.எஸ் (சிலிக்கோன் ரப்பர்) வார்க்கறது பெரிய வித்தை இல்ல. பேஸ் பத்து பங்கு, அதை இறுக வைக்கிற க்யூரிங் ஏஜன்ட் ஒரு பங்கு, நல்லா அடிச்சு கலக்கி, வாக்குவம்ல வச்சு குமிழி மொத்தமும் போற வரைக்கும் காத்திருந்து, சேனல் வடிவம் உள்ள அச்சு மேல ஊத்தி 65 டிகிரியில ரெண்டு மணி நேரமாவது வைக்கணும். உரிச்சு எடுத்து, ட்யூபை விட ஒரு நூலு சின்னதா பஞ்ச் பண்ணுங்க, அப்பதான் ட்யூப் இறுக்கமா உக்காரும். பஞ்ச் பண்ணின துண்டு துளைக்குள்ளயே இருக்கான்னு வெளிச்சத்துல புடிச்சு பாருங்க. அப்புறம் டேப் ஒட்டி உரிச்சு தூசி எடுத்துட்டு, கண்ணாடியோட சேத்து ப்ளாஸ்மா பாண்டிங், அதாவது ரெண்டு பரப்பையும் ப்ளாஸ்மாவுல காட்டி ஒட்டறது.

இங்கதான் ஒரு சிக்கல் இருக்கு. ப்ளாஸ்மா காட்டின பி.டி.எம்.எஸ்ஸும் கண்ணாடியும் தண்ணியை விரும்பற பரப்பா மாறிடும், நமக்கு வேண்டியது எண்ணெய் சுவரை நனைக்கணும், தண்ணி சுவரைத் தொடவே கூடாது. அதனால சுவர்ல தண்ணி ஒட்டாம பண்ற ஃப்ளூரோ சிலேனை ஃப்ளூரோ எண்ணெய்ல 1 சதவீதம் கலந்து சேனலுக்குள்ள விட்டு சில நிமிஷம் வச்சுட்டு, சுத்தமான எண்ணெய் விட்டு கழுவி, காத்து ஊதி, அடுப்புல காய வைக்கணும். ஆக்வாபெல்ங்கிற தண்ணி ஒட்டாத பூச்சும் நெறைய லேப்ல பயன்படுத்தறாங்க. நீங்க எடுத்த சிலேன் குளோரோ சிலேன் வகையா இருந்தா, ஈரம் பட்டா ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடும், ஃப்யூம் ஹூட்லதான் பண்ணணும், கையுறை கண்டிப்பா.

இந்த ட்ரீட்மென்ட் சரியா பிடிக்கலைன்னா எப்படி தெரியும்னா, மைக்ரோஸ்கோப்ல நாசிலைப் பாருங்க. நல்ல சிப்புல தண்ணி நாக்கு நீட்டற மாதிரி நடுவுல முன்னால வந்து, கழுத்து மெலிஞ்சு, அறுந்து, பின்னால போகும், ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துல அறும். கெட்ட சிப்புல தண்ணியோட ஓரம் சுவர்ல ஒட்டிக்கிட்டு கோணலா இழுபடும், துளிக்கு வால் இருக்கும், ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா வரும், இன்னும் மோசமானா எண்ணெய் துளியா மாறி தண்ணிக்கு நடுவுல ஓடும். அப்படி ஒரு சிப்பு வந்தா ஓட்ட வேகத்தை மாத்தி மாத்தி சரி பண்ண பாக்காதீங்க, தூக்கிப் போட்டுட்டு அடுத்த சிப்பை எடுங்க. ஒரே அச்சுல அஞ்சாறு சிப்பு சேத்து வார்த்து வைக்கச் சொல்றது இதுக்காகத்தான்.

எண்ணெயும் சர்ஃபாக்டன்ட்டும்

உயிரியல் வேலைக்கு பெரும்பாலும் ஓடறது எச்.எஃப்.இ-7500 மாதிரி ஃப்ளூரோ எண்ணெய், அதுல பி.எஃப்.பி.ஈ-பெக் வகை சர்ஃபாக்டன்ட் 1லேருந்து 2 சதவீதம். சூடு அதிகமா போற பிசிஆர் மாதிரி வேலைக்கு எஃப்.சி-40 எடுத்துக்கிட்டு சர்ஃபாக்டன்ட்டை ஏத்திப்பாங்க. ஃப்ளூரோ எண்ணெய்ல ஆக்சிஜன் நல்லா கரையும், அதனால துளிக்குள்ள இருக்கிற செல்லுக்கு மூச்சு முட்டாது, பி.டி.எம்.எஸ்ஸை ஊத வைக்காது, பெரும்பாலான உயிரியல் மூலக்கூறு அதுக்குள்ள கரையவும் கரையாது. மினரல் ஆயிலும் ஸ்பான் 80ங்கிற சர்ஃபாக்டன்ட்டும் வச்சும் துளி வரும், பழகறதுக்கு அது நல்லாவே இருக்கும், ஆனா சின்ன மூலக்கூறுங்க வெளிய கசியறது அதுல அதிகம், நீண்ட நேரம் செல் வளக்கற வேலைக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

சர்ஃபாக்டன்ட் என்ன பண்ணுதுன்னா துளியைச் சுத்தி ஒரு உறை போட்டு ரெண்டு துளி மோதினாலும் ஒட்டாம பாத்துக்குது. அது பரப்புல போய் உக்கார கொஞ்ச நேரம் வேணும், அதனால துளி உண்டான உடனே அதுங்களை நெருக்கற குறுகலான வழியில விடாதீங்க, கொஞ்ச தூரம் அகலமான சேனல்ல போகட்டும். ரொம்ப கம்மியா போட்டா துளிங்க சேரும், ரொம்ப அதிகமா போட்டா மிச்சம் இருக்கிறது எண்ணெய்ல குட்டி குட்டி உருண்டையா (மிசெல்) திரிஞ்சு ஒரு துளியிலேருந்து சாயத்தை எடுத்து இன்னொரு துளிக்கு கொண்டு போய் விட்டுடும். அதிகமா போட்டா பாதுகாப்புன்னு நெனைக்கிறது இந்த எடத்துல தப்பா போகும்.

ஓட்டம்

எண்ணெயையும் தண்ணி பக்கத்தையும் 0.2 மைக்ரோமீட்டர் ஃபில்டர்ல வடிகட்டிடுங்க, செல் இருக்கிற சிரிஞ்சை மட்டும் அப்படி பண்ண முடியாது, அதை நல்லா கலக்கி கட்டி இல்லாம பிரிச்சுட்டு எடுங்க. சிரிஞ்சுலயும் ட்யூப்லயும் ஒரு காத்துக்குமிழிகூட இருக்கக்கூடாது. குமிழி இருந்தா அது ஸ்ப்ரிங் மாதிரி அமுங்கி விரியும், பம்ப்ல வேகத்தை மாத்தினா சிப்புல அது தெரிய பல நிமிஷம் ஆகும், துளி அளவும் ஏறி எறங்கும். தண்ணி பக்கத்துக்கு 1 மில்லிலிட்டர் சிரிஞ்சு போதும், பெரிய சிரிஞ்சை மெதுவா தள்ளும்போது பம்ப் மோட்டாரோட ஒவ்வொரு அடியும் ஓட்டத்துல துடிப்பா தெரியும்.

முதல்ல எண்ணெயை மட்டும் விட்டு சேனல் முழுக்க நனையட்டும், அப்புறம்தான் தண்ணி. இந்த வரிசையை மாத்தாதீங்க, தண்ணி முதல்ல போய் சுவரைப் பிடிச்சுட்டா திரும்ப விடாது. எண்ணெய் மணிக்கு 400, தண்ணி ரெண்டு வாசல்லயும் 100, 100 மைக்ரோலிட்டர்னு ஆரம்பிக்கலாம். எண்ணெய் வேகத்தை ஏத்தினா துளி சின்னதாகும், ரொம்ப ஏத்தினா தண்ணி நாசில்ல அறாம நீளமா நூல் மாதிரி உள்ள போய் எங்கயோ போய் உடையும், அப்ப துளி அளவு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. அப்படி வந்தா மொத்த வேகத்தையும் சேத்து கொறைங்க.

கண்ணால பாத்தா ஒரே மங்கலான கோடாதான் தெரியும், அதுக்காக பயப்படாதீங்க. 50க்கு 50 மைக்ரோமீட்டர் சேனல்ல மொத்தம் மணிக்கு 600 மைக்ரோலிட்டர் ஓடினா செகண்டுக்கு 67 மில்லிமீட்டர் வேகம், கேமரா எக்ஸ்போஷர் 10 மில்லி செகண்ட்னா அதுக்குள்ள துளி 670 மைக்ரோமீட்டர் நகர்ந்துடும். எக்ஸ்போஷரை 50 மைக்ரோ செகண்டுக்கு எறக்கி விளக்கை ஏத்துங்க, 3 மைக்ரோமீட்டர்தான் நகரும், துளி உருண்டையா தெளிவா தெரியும். வேகமான கேமரா இல்லைன்னாலும் மினுக்கற எல்.இ.டி வச்சு இதைப் பண்ணிடலாம்.

ஓட்டம் நிலைக்கிற வரைக்கும் வர்றதை கழிவுக்கே விடுங்க, அதைச் சேக்காதீங்க. நிலைச்சப்புறம் சில நூறு துளியை ஸ்லைடுல எடுத்து விட்டம் அளங்க. நல்ல ஓட்டத்துல விலகல் 3 சதவீதத்துக்குள்ள இருக்கும். இதுல ஒரு அழகான அடையாளம் இருக்கு, ரெண்டு துளி சேர்ந்தா விட்டம் 1.26 மடங்குதான் ஆகும், 50 இருந்தது 63 ஆகும், மூணு சேர்ந்தா 72. அளவு வரைபடத்துல 63 கிட்ட தனியா ஒரு மேடு தெரிஞ்சா துளிங்க ஒண்ணோட ஒண்ணு சேருதுன்னு அர்த்தம். 50லேயே மேடு அகலமா பரவி இருந்தா ஓட்டம் சரியில்ல. ரெண்டும் வேற வேற வியாதி, மருந்தும் வேற.

செல் கீழ எறங்கற பிரச்சினையையும் கவனிங்க. பாலூட்டி செல்லு சிரிஞ்சுக்குள்ளயே அரை மணி நேரத்துல அடியில போய் உக்காந்துடும், முதல் பாதியில லாம்டா ஒண்ணு, ரெண்டாம் பாதியில இன்னொண்ணு. ஆப்டிப்ரெப்ங்கிற கனமான திரவத்தைக் கலந்து திரவத்தோட அடர்த்தியை செல்லுக்குச் சமமா கொண்டு வரலாம், இல்லைன்னா சிரிஞ்சுக்குள்ள ஒரு குட்டி காந்தக் குச்சி போட்டு மெதுவா சுத்த விடலாம். பாக்டீரியாவுக்கு இந்த தொல்லை கம்மி, ஆனா அது ஓட்டம் நடக்கும்போதே பெருகிட்டு இருக்கும், சிரிஞ்சை குளிரா வச்சுக்குங்க.

சேக்கறதும் வளக்கறதும்

எச்.எஃப்.இ-7500 தண்ணியை விட 1.6 மடங்கு கனம், அதனால துளியெல்லாம் மேல வந்து வெள்ளையா ஒரு படலமா நிக்கும், எண்ணெய் கீழ தங்கும். மேல இருக்கிற துளி காத்துல காஞ்சு போகும், உடையவும் செய்யும், அது மேல ஒரு மெல்லிய மினரல் ஆயில் படலம் விட்டு மூடிடுங்க. சிப்புக்குள்ளயே வச்சு வளக்கறவங்க சிப்பை தண்ணியில மூழ்க வச்சு வைங்க, பி.டி.எம்.எஸ் வழியா தண்ணி ஆவியா போயிட்டே இருக்கும், ராத்திரி வச்சுட்டு காலையில பாத்தா துளி சுருங்கிப் போய் உள்ள மருந்து அடர்த்தி ஏறியிருக்கும்.

ஸ்டேட்டிக் மின்சாரம் துளிக்கு எமன். மின்புலம் பட்டா பக்கத்துப் பக்கத்துல இருக்கிற துளிங்க சேந்துடும், வேணும்னே ரெண்டு துளியைச் சேக்கறதுக்கு எலெக்ட்ரோடு வைக்கறதே இதை வச்சுத்தான். காஞ்ச ரூம்ல ப்ளாஸ்டிக் ட்யூபை கையுறையால தேச்சு எடுத்தாலே போதும், மேல் படலத்துல பெரிய பெரிய கண்ணு கண்ணா தெரிய ஆரம்பிச்சுடும். பிப்பெட் பண்ணும்போது முனை அகலமானதா எடுத்து மெதுவா உறிஞ்சுங்க.

கசிவு டெஸ்ட், இதை விட்டுடாதீங்க

உயிரோட இருக்கிற பாக்டீரியாவைக் காட்ட நெறைய பேர் ரெசாசுரின்ங்கிற சாயம் போடுவாங்க, உயிருள்ள செல் அதை ஒளிரற ரெசோருஃபினா மாத்தும். வெல்லுல இது அருமையா வேலை செய்யும். துளியில ரெசோருஃபின் எண்ணெய் வழியா பக்கத்து துளிக்குள்ள போயிடும், சில மணி நேரத்துல காலி துளியும் லேசா ஒளிர ஆரம்பிக்கும், அப்புறம் எது உயிருள்ளது எது காலின்னு கோடு போடவே முடியாது. ஃப்ளூரெசின்ங்கிற சாயம் இதை விட மெதுவாதான் கசியும்.

அதனால உண்மையான டெஸ்ட்டுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. சாயம் போட்ட துளி ஒரு தொகுதி, சாயம் இல்லாத துளி ஒரு தொகுதி, ரெண்டையும் தனித்தனியா உண்டாக்கி ஒரே ட்யூப்ல மெதுவா கலந்து, நீங்க வளக்கப்போற அதே வெப்பத்துல அதே நேரம் வைங்க. ஆரம்பத்துலயும் நடுவுலயும் கடைசியிலயும் ஒளி அளந்தா ரெண்டு மேடு தெரியும், அந்த ரெண்டும் ஒண்ணை நோக்கி ஒண்ணு நகருதான்னு பாருங்க. நகர்ந்தா சர்ஃபாக்டன்ட்டை கொறைச்சுப் பாக்கலாம், தண்ணி பக்கத்துல பி.எஸ்.ஏங்கிற புரதம் சேக்கலாம், வளக்கற நேரத்தை சுருக்கலாம். என்னைக் கேட்டா பாக்டீரியா வேலைக்கு சிறந்த வழி ஒளிரும் புரதம் உண்டாக்கற வகையை எடுத்துக்கறதுதான், அந்த புரதம் பெருசு, செல்லுக்குள்ளயே இருக்கும், எண்ணெயைத் தாண்டாது. மருந்தும் கசியலாம்ங்கிறதை மறக்காதீங்க, எண்ணெயில கரையற தன்மை உள்ள சின்ன மூலக்கூறு மருந்துன்னா ஒரே ட்யூப்ல வேற வேற மருந்து அளவு உள்ள துளிங்களைச் சேத்து வைக்கறது ஆபத்து, தனித்தனி ட்யூப்ல வைங்க.

எண்ணறது

மருந்து இல்லாத துளி ஒரு தொகுதி, மருந்துள்ளது ஒரு தொகுதி, செல்லே இல்லாதது ஒரு தொகுதி, மூணும் ஒரே நாள்ல ஒரே சிப்புல ஓடணும். செல் இல்லாத தொகுதிதான் எந்த அளவுக்கு மேல ஒளிர்ந்தா உயிர்னு சொல்லலாம்ங்கிற கோட்டைக் கொடுக்கும்.

ஒளிர்ற துளி சதவீதத்தை நேரா வகுத்து முடிவு சொல்லிடாதீங்க, ஒரு துளியில ரெண்டு மூணு செல் இருந்தாலும் அது ஒரு துளியாதானே எண்ணப்படுது. லாம்டாவுக்கு மாத்தணும், ஒளிராத துளிங்களோட விகிதத்துக்கு இயற்கை லாக் எடுத்து குறியை மாத்தினா லாம்டா. வித்தியாசம் தெளிவா தெரியறதுக்காக பெரிய லாம்டாவா எடுத்துக்கலாம், மருந்து இல்லாததுல 63.2 சதவீதம் ஒளிர்ந்தா லாம்டா 1, மருந்துள்ளதுல 18.1 சதவீதம் ஒளிர்ந்தா லாம்டா 0.2, அப்ப பொழைச்சது 20 சதவீதம். சதவீதத்தை அப்படியே வகுத்திருந்தா 28.6ன்னு வந்திருக்கும். டிஜிட்டல் பிசிஆரும் இதே கணக்குதான், 0.85 நானோலிட்டர் துளி 15,000ல 6,000 ஒளிர்ந்தா லாம்டா 0.51, மைக்ரோலிட்டருக்கு 600 பிரதி. இந்த எண்ணிக்கைக்கு ஸ்டாண்டர்ட் கர்வ் (தெரிஞ்ச அளவுகளை வச்சு வரையற ஒப்பீட்டுக் கோடு) எதுவும் தேவையில்ல, ஆனா துளி கொள்ளளவு தப்பா இருந்தா விடை அதே அளவுக்கு தப்பாகும், அதனாலதான் விட்டத்தை அளக்கச் சொன்னேன், விட்டத்துல 3 சதவீத பிழை கொள்ளளவுல 9 சதவீதமா நிக்கும்.

பொழைச்ச பாக்டீரியாவை வெளிய எடுத்து வளக்கணும்னா துளியை உடைக்கணும். கீழ இருக்கிற எண்ணெயை முடிஞ்ச வரைக்கும் உறிஞ்சிட்டு, மேல மீடியா கொஞ்சம் விட்டு, பெர்ஃப்ளூரோ ஆக்டனாலை எச்.எஃப்.இல 20 சதவீதம் கலந்து விட்டு மெதுவா கவுத்து நிமித்துங்க, வெள்ளைப் படலம் தெளிஞ்சு தண்ணி மேல தனியா நிக்கும், அதை எடுத்து தட்டுல பரப்பிடலாம். உடைக்கிற திரவத்தோட செல்லை ரொம்ப நேரம் விட்டு வைக்காதீங்க. எண்ணெய் கழிவை சிங்க்ல ஊத்தக்கூடாது, இது சுற்றுச்சூழல்ல லேசுல அழியாத ஃப்ளூரோ வகை, தனி கேன்ல சேருங்க.

இன்னொண்ணு, எச்.எஃப்.இ-7500 தயாரிச்ச 3எம் 2025 கடைசிக்குள்ள இந்த வகை ஃப்ளூரோ ரசாயனங்களைத் தயாரிக்கிறதையே நிறுத்தறதா 2022 டிசம்பர்ல அறிவிச்சிருந்தாங்க, அதனால லேப்ல வேற பேர்ல வர்ற மாத்து எண்ணெய்க்கு மாறற நெலமை வரும். பாட்டில்ல அதே ரசாயனப் பேர்னு போட்டிருந்தாலும் எண்ணெயோ சர்ஃபாக்டன்ட்டோ மாறினா விட்டம் அளக்கறது, சேந்த துளி பாக்கறது, கசிவு டெஸ்ட், இந்த மூணையும் முதல்லேருந்து பண்ணிட்டுதான் பழைய டேட்டாவோட புது டேட்டாவை ஒப்பிடணும்.